அம்மாவ கூட்டிட்டு ரியோகான் போலாமா? தனியா கதவ பூட்டிட்டு குளிக்கற மாதிரி ஒன்சென் எங்க நல்லாருக்கும்?

கோவைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நவம்பர் கடைசில ஜப்பான் போறோம், நான், வீட்டுக்காரர், 8 வயசு பையன், கூட எங்கம்மா. அம்மாக்கு 66 ஆகுது. அப்பா போனதுக்கப்பறம் ரெண்டு வருஷமா எங்க கூப்ட்டாலும் வரலைன்னு வீட்லயே இருந்தவங்க, இப்ப பேரன் கேட்டதால சரின்னு சொல்லிருக்காங்க, அதனால அவங்களுக்குன்னு ஒரு ராத்திரியாவது நல்லபடியா அமையணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.

டோக்கியோலயும் கியோட்டோலயும் சாதாரண ஓட்டல் போட்டாச்சு. நடுவுல ஒரே ஒரு ராத்திரி சின்ன ரியோகான்ல, அதாவது ஜப்பான் பாணி விடுதில, தங்கலாம்னு பாக்கறேன், அந்த கோரைப்பாய் மாதிரி தரை, ஒன்சென்னு சொல்ற வெந்நீர் ஊத்துக் குளியல் எல்லாம் இருக்கற எடமா. அம்மாக்கு முட்டிவலி. தினம் சாயங்காலம் சுடுதண்ணி வெச்சு கால்ல ஊத்திட்டு இருப்பாங்க, அதப் பாக்கறப்பல்லாம் எனக்கு இந்த ஊத்து ஞாபகம்தான் வருது.

பிரச்சினை என்னன்னா அங்க எல்லாரும் ஒண்ணா துணியில்லாம குளிப்பாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க, அம்மா கேட்டதுமே "நான் வெளில உக்காந்துக்கறேன் கண்ணு, நீங்க போய் குளிச்சுட்டு வாங்க"ன்னுட்டாங்க. அப்படி அவங்கள வெளில உக்கார வெச்சுட்டு நாங்க குளிக்கறதுக்கு எதுக்குங்க அங்க போகணும்? தனியா குளிக்கறதுக்கு எடம் இருக்கற விடுதி உண்டுன்னு படிச்சேன், ஆனா ரூமுக்குள்ளயே தொட்டி இருக்கறது வெலைய பாத்தா ரொம்ப அதிகமா இருக்கு. அதுக்கு வேற வழி இருக்கா? அம்மாவும் நானும் சுத்த சைவம், முட்டையும் இல்ல. ஹகோனே நல்லாருக்குமா இல்ல குரோகாவான்னு ஒரு ஊரு போட்டோல பாத்தேன், அது போலாமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


யோகோஹாமா ஒன்பது வருஷம்:

வணக்கம்மா. எங்க அம்மா அப்பா, மாமியார் மாமனார்னு ஊர்லேர்ந்து யார் வந்தாலும் ஒரு தடவ ரியோகான் கூட்டிட்டு போயிருவேன், அதனால இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மொதல்ல வார்த்தைய புரிஞ்சிக்கோங்க, புக் பண்றப்ப அதுதான் காப்பாத்தும். தனியா குளிக்கறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ரூமுக்குள்ளயே, பால்கனி மாதிரி எடத்துல திறந்தவெளி தொட்டி இருக்கறது, ரோதென்புரோ-ட்சுகி ரூம்னு போட்டிருக்கும், நீங்க பாத்த வெல அதோடதுதான். இன்னொண்ணு கஷிகிரி, இல்லன்னா கசோகு-புரோன்னு இருக்கும், கசோகுன்னா குடும்பம். விடுதிக்கு பொதுவா ரெண்டு மூணு சின்ன குளியல் எடம் இருக்கும், உங்க நேரம் வந்ததும் நீங்க மட்டும் போயி உள்ள தாழ்ப்பா போட்டுக்கலாம், வேற ஒருத்தரும் வரமாட்டாங்க. 40, 50 நிமிஷம் குடுப்பாங்க. சில எடத்துல செக்-இன் பண்றப்பவே நேரம் எழுதி வாங்குவாங்க, தனியா 2,000, 3,000 யென்னு வாங்கற எடமும் இருக்கு, காசே இல்லாம காலியா இருந்தா பலகைய திருப்பி மாட்டிட்டு போய் குளிச்சிக்கோன்னு விடற எடமும் இருக்கு. உங்களுக்கு இந்த கடைசி வகைதான்மா தேவை, ஏன்னா ராத்திரி ஒரு தடவ, விடியக்காலைல ஒரு தடவன்னு அம்மா எத்தன தடவ வேணும்னாலும் போலாம். சாதாரண ரூம் எடுத்துட்டு கஷிகிரி இருக்கற சின்ன விடுதியா பாருங்க, ரூம்ல தொட்டி வேணும்னு காச கொட்ட வேண்டாம்.

இன்னொரு விஷயம், ரூம்ல தொட்டி இருக்குன்னு போட்டிருந்தாலும் அதுல வர்றது ஊத்துத் தண்ணியா வெறும் காய்ச்சின தண்ணியான்னு கேட்டுக்கணும். ஒன்சென்னு சொல்றதுக்கு இங்க சட்டமே இருக்கு, 1948ல போட்டது. பூமிலேர்ந்து வர்றப்பவே 25 டிகிரிக்கு மேல இருக்கணும், இல்லன்னா அந்த சட்டத்துல சொல்லிருக்கற 19 பொருள்ல ஏதாவது ஒண்ணு குறிப்பிட்ட அளவு இருக்கணும். கென்சென் ககேநகாஷின்னு போட்டிருந்தா தண்ணி ஊத்துலேர்ந்து வந்து தொட்டில நெறஞ்சு வழிஞ்சு போயிட்டே இருக்குன்னு அர்த்தம், திரும்ப சுத்தி விடறதில்ல. அது கெடைச்சா விட்றாதீங்க.

வெல எப்பவும் ஆளுக்குத்தான், ரூமுக்கு இல்ல, இத மறந்துட்டு நெறைய பேரு கணக்க தப்பா போட்டுடறாங்க. ராத்திரி சாப்பாடு காலை சாப்பாடு ரெண்டும் அதுக்குள்ளயே வந்துரும். குழந்தைக்கு சாப்பாடு வேணுமா, தனி படுக்கை வேணுமாங்கறத பொறுத்து கம்மி ஆகும். குளியல் வரின்னு ஒண்ணு தனியா வரும், பெரும்பாலும் ஆளுக்கு 150 யென், பயப்பட வேணாம். சனிக்கிழமை வேண்டவே வேண்டாம், நவம்பர் 23 இங்க அரசு விடுமுறை, அத ஒட்டி இலை செவக்கறத பாக்க கூட்டம் அள்ளும், ஞாயிறு ராத்திரியோ வாரநாளோ பாருங்க.

இப்ப அம்மா விஷயம். முட்டிவலின்னு சொன்னீங்க, அதனால தண்ணிய விட தரைதான் எனக்கு கவலையா இருக்கு. தரைல சம்மணம் போட்டு ஒன்றரை மணிநேரம் சாப்பாடு, தரைல மெத்தை, அதுலேர்ந்து எந்திரிக்கறது, அவங்களால முடியாது. வாயோஷிட்சுன்னு கேளுங்க, தாதாமி தரையும், அதான் நீங்க சொன்ன கோரைப்பாய் தரை, கட்டிலும் ரெண்டும் இருக்கற ரூம். சாப்பாட்டுக்கு மேஜை நாற்காலி, இசு-செகின்னு எழுதுங்க. குளிக்கற எடத்துல படி எத்தன, புடிச்சிக்க கம்பி இருக்கான்னு போட்டோ கேட்டு வாங்குங்க. பாறை அடுக்கின தொட்டி பாக்க அழகா இருக்கும் ஆனா பாசி புடிச்சு வழுக்கும், ஹினோகி மரத்தொட்டில வெளிம்பு உசரமா இருக்கும், கால தூக்கி வெக்க கஷ்டம். தரையோட தரையா பதிச்ச தொட்டி, ஓரத்துல கம்பி, அதுதான் அவங்களுக்கு.


மலைப்பாதை:

அக்கா, குரோகாவா பத்தி கேட்டீங்க, நான் போன வருஷம்தான் போயிட்டு வந்தேன், அந்த ஊர பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது, ஆனா முடிவ மொதல்லயே சொல்லிடறேன், இந்த தடவ நீங்க ஹகோனே போங்க.

ஏன்னா குரோகாவா கியூஷூ தீவுல குமமோத்தோ மாவட்டத்துல, அசோ எரிமலைக்கு வடக்க மலைக்குள்ள இருக்கு, ரயிலே கெடையாது, அந்த தீவுல இருக்கற ஹகாட்டா ஸ்டேஷன்லேர்ந்து பஸ்லயே மூணு மணிநேரம் ஆகும், அதுக்கும் முன்னாடியே சீட்டு போடணும். கியோட்டோலேர்ந்து ஹகாட்டாக்கு புல்லட் ரயில்லயே ரெண்டே முக்கால் மணிநேரம் பக்கம் ஆயிடும். ஒரு ராத்திரிக்காக அம்மாவ இப்படி இழுத்துட்டு போறது நியாயமே இல்ல. ஹகோனேன்னா டோக்கியோக்கும் கியோட்டோக்கும் நடுவுலயே இருக்கு, டோக்கியோல ஷின்ஜுகுலேர்ந்து ரொமான்ஸ்காருங்கற ரயில்ல ஏறினா ஒன்றரை மணிநேரத்துக்குள்ள ஹகோனே-யுமோத்தோ. அங்கேர்ந்து கோரா வரைக்கும் ஒரு சின்ன மலை ரயில், நேரா ஏற முடியாத எடத்துல நின்னு திசை மாத்தி பின்னாடி போற மாதிரி போயி ஏறும், பையன் ஜன்னல விட்டு நகரமாட்டான் பாருங்க. மறுநாள் இறங்கி ஒடவரா ஸ்டேஷன்லேர்ந்து கியோட்டோக்கு ஷின்கான்சென், அதான் புல்லட் ரயில், ஆனா எல்லா வண்டியும் ஒடவரால நிக்காது, ஹிகாரிங்கற வேக வண்டிலயே சிலதுதான் நிக்கும், நேரம் பாத்து வெச்சிக்கோங்க.

பெட்டிய மட்டும் டோக்கியோ ஓட்டல்லேர்ந்து நேரா கியோட்டோ ஓட்டலுக்கு அனுப்பிடுங்க. கருப்பு பூனை படம் போட்ட யமாட்டோ கம்பெனி சேவை, ஓட்டல் கவுண்டர்லயே எழுதிக் குடுக்கற ஃபாரம் இருக்கும். ரெண்டு நாளுக்கு வேண்டிய ஒரு பை மட்டும் கையில. தாதாமி மேல பெட்டி சக்கரத்த உருட்டவும் கூடாது, அதனாலயும் இது நல்லது.

குரோகாவா பத்தி ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன், எனக்கு மனசுல பதிஞ்சது இதுதான். ஒரு காலத்துல அந்த ஊருக்கு யாருமே வரல. கோதோ தெட்சுயான்னு ஒரு விடுதிக்காரர், ஷின்மெய்கான்னு அவரோட விடுதி, பின்னாடி மலைய உளி சுத்தியல வெச்சு கையாலயே கொடைஞ்சு ஒரு குகைக் குளியல் செஞ்சாரு, சுத்தி காட்டு மரத்த கொண்டாந்து நட்டாரு, அவருக்கு மட்டும் கூட்டம் வந்துச்சு. அவரு அத மறைச்சு வெச்சிக்கல, மத்த விடுதிக்காரங்களுக்கும் எப்படி செய்யணும்னு சொல்லிக் குடுத்தாரு. ஆனா ரெண்டு விடுதிக்கு திறந்தவெளி குளியல் கட்டவே எடம் இல்ல. அவங்கள விட்டுட்டு மத்தவங்க மட்டும் பொழைக்க மனசு வரல, அதனால 1986ல எல்லாரும் சேந்து ஒரு வட்டமான மரத்துண்டு பாஸ் போட்டாங்க, தெகாட்டான்னு பேரு, அத கழுத்துல மாட்டிட்டு யாரு வேணும்னாலும் எந்த விடுதிலயும் போயி குளிக்கலாம், மூணு எடம். அவங்கவங்க விளம்பரப் பலகையெல்லாம் கூட எடுத்துட்டாங்க. ஊரே ஒரு விடுதி, தெருவெல்லாம் அந்த விடுதியோட தாழ்வாரம், ஒவ்வொரு ரியோகானும் அதுல ஒரு ரூம், இப்படித்தான் அவங்க சொல்லிக்கறாங்க. சாயங்காலம் ஆத்தோரமா யுகாதாங்கற பருத்தி அங்கி போட்டுட்டு மரச்செருப்பு சத்தத்தோட நடந்தப்ப எனக்கு அது நெசமாவே அப்படித்தான் தெரிஞ்சது. இன்னொரு தடவ வர்றப்ப கண்டிப்பா போங்கக்கா, ரெண்டு ராத்திரி வெச்சிக்கிட்டு.


கோவைக்காரி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க, ஹகோனேன்னு முடிவு பண்ணிட்டேன். கஷிகிரிங்கற வார்த்தையே இன்னைக்குத்தான் தெரியும், அத போட்டு தேடினா எங்க பட்ஜெட்லயே நாலு எடம் வருது! அந்த படி, கம்பி விஷயமெல்லாம் நான் யோசிக்கவே இல்ல.

இன்னும் மூணு சந்தேகம். அம்மா என் முன்னாடி கூட கூச்சப்படுவாங்க, தனி எடம்னா நைட்டியோ பாவாடையோ கட்டிட்டு எறங்கலாமா? அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க, அது பரவால்லையா? சாப்பாடு பத்தியும் யாராச்சும் சொல்லுங்க, அதுதான் இப்ப பெரிய பயமா இருக்கு.


திருமலை:

வணக்கம் தங்கச்சி. நான் திருகோணமலை ஆள், இப்ப ஒசாகாவில வேலை. எங்கட ஊரில கன்னியா எண்டு ஏழு வெந்நீர்க் கிணறு இருக்குது, சின்னனில இருந்து அங்க போய் வாளியால அள்ளி அள்ளித் தலையில ஊத்தி வளந்த ஆக்கள் நாங்கள். ஆனபடியா இஞ்ச வந்து முதல் முறை தொட்டிக்குள்ள இறங்கேக்க எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது, பிறகு பாத்தா இவையும் முதல்ல வாளியால அள்ளி ஊத்திப்போட்டுத்தான் இறங்கினம்.

அந்த ஊத்திறதைத்தான் அம்மாவுக்கு முக்கியமாச் சொல்லுங்கோ. தண்ணி 40, 42 டிகிரி இருக்கும், நவம்பரில உடுப்பு மாத்திற அறை குளிரும், குளிரில நிண்டுபோட்டு நேர சூட்டுக்குள்ள இறங்கினா பிரஷர் ஏறி இறங்கும். போன மாரியில என்ர அம்மா வந்து நிண்டவ, ஒரு விடுதியில குளிச்சுப்போட்டுச் சடார் எண்டு எழும்பினவ, அப்படியே தலை சுத்திக் கல்லில சாய்ஞ்சிட்டா. நான் வெளியில கதிரையில இருந்தனான், கதவு உள்ளுக்குப் பூட்டு, நல்ல வேளையா ரெண்டு நிமிசத்தில தானா எழும்பித் திறந்தவ. அந்த ரெண்டு நிமிசத்தை நான் இண்டைக்கும் மறக்கேல்ல. ஆனபடியால் அம்மாவைத் தனிய விட்டு உள்ளுக்குப் பூட்ட விடாதேங்கோ, நீங்கள் உடுப்பு மாத்திற அறையில இருங்கோ, வெளிக்கதவை நீங்கள் பூட்டுங்கோ, நடுவில இருக்கிற கதவைச் சாத்தி மட்டும் விட்டாக் காணும். அவவுக்குக் கூச்சமும் இல்லை, உங்களுக்குக் குரலும் கேக்கும்.

முதல்ல கால், பிறகு முழங்கால், இடுப்பு, தோள் எண்டு ஊத்தச் சொல்லுங்கோ. பத்து நிமிசம் இருந்தாக் காணும், பிறகு ஏறி விளிம்பில இருந்து ஆறிப்போட்டுத் திரும்ப இறங்கலாம். நெஞ்சுக்குக் கீழ மட்டும் தண்ணி இருந்தாலும் முழங்காலுக்குச் சூடு பிடிக்கும்தானே. சாப்பிட்ட கையோட இறங்க வேண்டாம். குளிக்க முதலும் பிறகும் தண்ணி குடிக்க வேணும். பிரஷர் குளிசை எடுக்கிறவ எண்டபடியால் வெளிக்கிட முதல் அவவின்ர டொக்டரிட்டயும் ஒருக்காக் கேளுங்கோ.

உடுப்போட இறங்கிறது சரிவராது, தனி இடம் எண்டாலும் அடுத்த குடும்பத்துக்கும் அதே தண்ணிதான், துணியில இருக்கிற சோப்பு, சாயம் எல்லாம் தொட்டிக்குள்ள போகும். சில இடங்களில யுஅமிகி எண்டு குளிக்கிறதுக்கெண்டே ஒரு உடுப்புத் தருவினம், முதலே கேட்டுப் பாருங்கோ. அது இல்லாட்டியும் கதவைச் சாத்திப்போட்டுத் தனிய இருக்கேக்க அம்மாவுக்கு அந்தக் கூச்சம் போயிடும். என்ர அம்மாவும் சீலையோடதான் இறங்குவன் எண்டு நிண்டவ, அடுத்த நாள் விடிய அஞ்சு மணிக்கு என்னை எழுப்பி "வா, ஒருக்காப் போட்டு வருவம்" எண்டவ.


வத்தக்குழம்பு:

சாப்பாட்டுக்கு நான் வரேன், நாங்களும் முட்டை கூட தொடாத குடும்பம், டோக்கியோ வந்து ஆறு வருஷம் ஆறது.

மொத தடவ போனப்ப வெஜிடேரியன்னு மட்டும் எழுதிட்டு போயிட்டோம். ராத்திரி ஒவ்வொரு கிண்ணமா அழகழகா கொண்டுவந்து வெச்சா, காய்தான் கண்ணுக்கு தெரிஞ்சுது, நாங்களும் சந்தோஷமா சாப்ட்டோம், பாதில சூப் என்னன்னு கேட்டப்பறம்தான் எல்லாத்துலயும் தாஷி இருக்குன்னு தெரிஞ்சுது. தாஷின்னா இவாளோட சமையலுக்கே அடிப்படை ரசம் மாதிரி, பெரும்பாலும் கட்சுவோபுஷின்னு காஞ்ச மீன சீவி அதுல போட்டு எடுக்கறது. அவங்க மேல தப்பே கெடையாது, மீன் துண்டு தட்டுல இல்லேன்னா அது சைவம்னு அவங்க நெனச்சுண்டா, பரிமாறின அம்மா கண்ல தண்ணி வராத கொறையா மன்னிப்பு கேட்டா. எனக்கு அன்னிக்கி ராத்திரி தூக்கமே வரல, என் மாமியார் சாப்ட்டாச்சே.

அதனால புக் பண்றப்ப இத அப்படியே எழுதுங்கோ: "நிகு, சகனா, தமாகோ வா தாபெராரெமாசென். சகனா நோ தாஷி மோ தாபெராரெமாசென். கோம்பு தாஷி வா தைஜோபு தெசு." கறி, மீன், முட்டை சாப்பிடமாட்டோம், மீன் போட்ட தாஷியும் ஆகாது, கடல்பாசி போட்ட தாஷின்னா பரவால்லன்னு அர்த்தம். கோம்புங்கறது கடல்பாசி, அதுலயும் தாஷி எடுக்கலாம், ஷீட்டாக்கே காளான்லயும் எடுப்பா. முடியாதுன்னு சில எடத்துல பதில் வரும், அவங்கள வற்புறுத்தாதீங்கோ, சின்ன விடுதில ஒரே ஒரு சமையல்காரர் இருப்பார், அவர் முடியாதுன்னா நெஜமாவே முடியாது. முடியும்னு தெளிவா பதில் சொல்ற எடத்துக்கே போங்கோ, வந்து எறங்கின அன்னிக்கி சொன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. எதுவுமே அமையலேன்னா சுதோமரின்னு இருக்கு, சாப்பாடு இல்லாம தங்கறதுக்கு மட்டும், ரூம்ல கெட்டில் இருக்கும், வெந்நீர் ஊத்தற உப்புமாவும் ஊறுகாயும் கொண்டு போயிடலாம், நானே அப்படி ரெண்டு தடவ பண்ணிருக்கேன். ஆனா சமையல்காரர் ஒத்துண்டா அந்த சாப்பாட்ட விடாதீங்கோ. எள்ளுல பண்ற டோஃபு மாதிரி ஒண்ணு, மிசோங்கற சோயா விழுது தடவி சுட்ட கத்திரிக்கா, கடைசில சோறும் ஊறுகாயும், எங்க மாமியார் இன்னிக்கும் அந்த கத்திரிக்காய பத்தி பேசிண்டே இருக்கா.

அப்பறம் நகை. அம்மா மெட்டி, வெள்ளிக் கொலுசு போட்டிருந்தா கழட்டி வெச்சுடச் சொல்லுங்கோ, ஹகோனேல சில எடத்துல கந்தகம் கலந்து பால் மாதிரி வெள்ளையா தண்ணி வரும், அது பட்டா வெள்ளி நிமிஷத்துல கருத்துடும். தங்கத்துலயும் செம்பு கலந்திருக்கும், அதனால செயினையும் எறங்கறதுக்கு முன்னாடி கழட்டிடறதுதான் நல்லது. தலைக்கு எண்ண வெச்சிருந்தா அன்னிக்கி காலைலயே அலசிடணும், முடிய தூக்கி கட்டிக்கணும், தண்ணில படக்கூடாது.


கோவைக்காரி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க. திருமலை அண்ணா, நீங்க சொன்னத படிச்சுட்டு வீட்டுக்காரர்கிட்டயும் காமிச்சேன், அம்மாவ தனியா பூட்ட விடமாட்டேன். நாளைக்கே டாக்டர்கிட்டயும் கேட்டுடறேன். வத்தக்குழம்பு அக்கா குடுத்தத அப்படியே எழுதி நாலு எடத்துக்கும் அனுப்பினேன், ரெண்டு பேரு முடியாதுன்னு ரொம்ப மரியாதையா எழுதிட்டாங்க, ஒருத்தங்க இன்னும் பதில் போடல, ஒரு எடத்துல மட்டும் கோம்பு தாஷில செஞ்சு தரோம், அம்மாக்கு நாற்காலி போட்டுத் தரோம்னு சொல்லி தொட்டியோட போட்டோவும் அனுப்பிருக்காங்க. மூணு படி, ரெண்டு பக்கமும் கம்பி. அதையே போட்டுட்டேன், செவ்வாய்க்கிழமை ராத்திரி.

அம்மாகிட்ட போட்டோவ காமிச்சேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அந்த துணி கட்டறது, யுகாதா, எப்படி கட்டணும்"னு கேட்டாங்க. யாராச்சும் சொல்றீங்களா?


யோகோஹாமா ஒன்பது வருஷம்:

எடது பக்கத்த மேல வெச்சு கட்டணும்மா, வலது பக்கம் உள்ள போகணும். மாத்தி கட்டறது இறந்தவங்களுக்கு, அதனால அது மட்டும் பாத்துக்கோங்க. உயரத்துக்கு ஏத்த அளவு இருக்கும், சின்ன சைஸ் வேணும்னு சொன்னா மாத்திக் குடுப்பாங்க. குளிருக்கு மேல போட்டுக்க கோட்டு மாதிரி ஹன்தேன்னு ஒண்ணும் பெரும்பாலும் ரூம்லயே இருக்கும், குளிச்சுட்டு வர்றப்ப அம்மாக்கு அத போட்டு விடுங்க.